கை நீட்டும் தூரத்துக்கு ஒரு கண்ணாடி

வெள்ளெழுத்து என்று வருகிறவர்களிடம் கண் பரிசோதனை அறையில் நாங்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்போம். பேப்பர் படிக்க முடிகிறதா? பஸ் போர்டு தெரிகிறதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. சுவாமிமலையில் மெழுகில் சிலை பிடிக்கிறவருக்குப் பிழைப்பே அந்தத் தூரத்தில்தான். கும்பகோணத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும், அதை எனக்கு உறைக்க வைத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர்.

வயது 61. ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்குப் போய் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) சுடுகிறார். "கறுப்பு வட்டம் நல்லா தெரியுதும்மா. ஃபோர்சைட் முள்ளுதான் பஞ்சு சுத்தி வச்ச மாதிரி இருக்கு. பிஸ்டலை மாத்திடலாமான்னு பாக்கறேன்" என்றார். ஃபோர்சைட் என்பது குறி பார்க்கக் குழல் முனையில் நிற்கும் சின்ன முள். போட்டிருந்தது புது ப்ரோக்ரெசிவ் கண்ணாடி, அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவுமாகப் பவர் படிப்படியாக மாறும் கண்ணாடி. முள் தெரிய வேண்டுமென்று முகவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலியும் வந்திருந்தது.

பிஸ்டல்மேல் தப்பில்லை. குறி பார்க்கும்போது கைப்பக்கம் இருக்கும் பேக்சைட் பள்ளம், ஃபோர்சைட் முள், இலக்கு அட்டை என மூன்று பொருள் மூன்று தூரத்தில் நிற்கின்றன. எந்தக் கண்ணும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பிடிக்கும். சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சட்டென்று வளைந்து கொடுப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. நாற்பதைத் தாண்டினால் அது விறைக்கிறது, அறுபதில் ஏறக்குறைய அசைவதே இல்லை.

சரி, மூன்றில் எது தெளிவாக இருக்க வேண்டும்? முள்தான். கணக்குப் போட்டால் புரியும். பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. என்றால், முள் 1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் குண்டு 3 செ.மீ. விலகிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மி.மீ., கறுப்பு வட்டம் முழுக்கவே 59.5 மி.மீ. அதாவது அந்த ஒரு மில்லிமீட்டர் உங்களைக் கறுப்பின் விளிம்புக்குத் தள்ளிவிடும். இலக்கு கொஞ்சம் மங்கலாக இருந்தால் இவ்வளவு நஷ்டமில்லை. மங்கலான வட்டத்துக்கும் நடு ஒன்றுதானே.

ப்ரோக்ரெசிவ் ஏன் உதவவில்லை? நேராகப் பார்க்கும் இடத்தில் அதில் தூரப்பார்வை பவர்தான் இருக்கும். அடியில் இருக்கும் படிக்கிற பவர் சுமார் 40 செ.மீ.க்கானது. நீட்டிய கையின் முனையில் முள் நிற்பது 80 செ.மீ. போல. அந்த 80-க்கென்றே பவர் வைத்தால் 1.25 கூட்ட வேண்டும், அப்போது இலக்கு ரொம்பவே கரைந்துவிடும். அதனால் தூரப்பார்வை பவரோடு 0.75 கூட்டி, ஒரே பவர் லென்ஸாகப் போட்டுப் பார்த்தோம். சோதனை ஃப்ரேமை மாட்டிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். விரல் நகத்தின் விளிம்பு தெரிந்தது. வட்டம் லேசாக மங்கி, ஆனால் வட்டமாகவே நின்றது. "இதான், இதான்" என்றார். சிலருக்கு 0.50 போதும், சிலருக்கு 1.00 கேட்கும். கடையில் வாங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இது அமையாது.

வரும்போது துப்பாக்கியைக் கொண்டு வராதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பயிற்சி இடத்திலேயே, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கவாட்டில் நின்று இன்னொருவர் உங்கள் கண்ணோரத்திலிருந்து முள் வரை டேப் வைத்து அளக்கட்டும். அந்த எண் மட்டும் போதும்.

மற்ற கண்ணை இறுக்கி மூடாதீர்கள். முகத்தசை களைத்துப்போகும், திறந்த கண்ணின் பாப்பாவும் விரியும். விரிந்தால் மங்கல் கூடும். அந்தப் பக்கம் லென்ஸில் பால் நிற டேப் ஒட்டினால் போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டியில் 51 வயதில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகேச் இரண்டு கண்ணையும் திறந்தபடி, சாதாரணக் கண்ணாடியோடுதான் சுட்டார். ஜார்ஜியாவின் பிஸ்டல் வீராங்கனை நினோ சலுக்வாட்ஸேவுக்கு அது பத்தாவது ஒலிம்பிக். ஆக, வயதைச் சொல்லி ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லா மங்கலும் வெள்ளெழுத்து இல்லை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரை இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் கூடவே ஆடும். அது நிலைப்படாமல் கண்ணாடிக்கு அளவெடுப்பது வீண் செலவு, விழித்திரையையும் காட்டிவிடுங்கள். புரை அறுவைக்குப் போகிறவர்கள் "நான் பிஸ்டல் சுடுகிறவன்" என்று டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் அதைப் பொறுத்தது. கண்ணாடி பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். தெறித்துத் திரும்பும் ஈயக்குண்டு ஆள் பார்ப்பதில்லை.

நம்மவர் அடுத்த மாதம் கோபமாக வந்தார். சுடுவது நன்றாக இருக்கிறதாம். ஆனால் அதே கண்ணாடியோடு பைக்கில் திரும்பியிருக்கிறார், கல்லணை ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸின் போர்டு தெரியவில்லையாம். கண்ணாடிப் பெட்டியை வாங்கி, மார்க்கரால் "சுட மட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன்.