பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை சொல்வதற்கு முன்னர்

வட்டக்கச்சியிலிருந்து ஓர் ஆசிரியை சில மாதங்களுக்கு முன்னர் என் கராச்சுக்கு வந்தார். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள். அவர் ஓடிய 2014ஆம் ஆண்டு ஹீரோ ஸ்பிளெண்டர் அன்றிலிருந்து வீட்டுத் தாழ்வாரத்திலேயே நின்றிருக்கிறது. மகனின் படிப்புச் செலவுக்காக அதை விற்க நினைத்தபோது, வீடு தேடி வந்த தரகர் ஒருவர், ஸ்டார்ட் ஆகாத வண்டி, ரயர்கள் வெடித்துவிட்டன, பற்றரி செத்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி 140,000 ரூபாவுக்குக் கேட்டிருக்கிறார். “அண்ணை, குடுக்கலாமோ?” என்று ஆசிரியை கேட்டார். இரண்டு நாள் பொறுங்கள் ரீச்சர், வண்டியை இங்கே ஏற்றி அனுப்புங்கள் என்று சொன்னேன்.

மீள்குடியேற்றத்திற்குப் பிறகு, 2010இல் இருந்து கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்து வருகிறேன். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கடைசியில் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: இது எவ்வளவு பெறும்? பார்த்தவுடன் ஒரு தொகையைச் சொல்வதை நான் நிறுத்திப் பல காலமாகிறது. ஏனென்றால் விலை என்பது கண்ணால் மதிக்கும் காரியமாக இருக்கும்வரை, கண் பழகியவருக்கே லாபம் போகிறது. அதே விலையைக் கடதாசியில் வரிவரியாக எழுதிக் கணக்காக்கிவிட்டால் ஆசிரியைக்கும் தரகருக்கும் ஒரே அளவு பலம் கிடைத்துவிடுகிறது.

எந்த வண்டிக்கும் நான் முதலில் கேட்பது பதிவுப் புத்தகத்தை. அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் வண்டியில் பொறித்திருக்கும் இலக்கங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சேசி இலக்கம் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் இருக்கும். எஞ்சின் இலக்கம் எஞ்சின் உறையின் கீழ்ப்பகுதியில் சேற்றுக்குள் மறைந்திருக்கும். துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்துத்தான் வாசிக்க வேண்டும். சுற்றியுள்ள உலோகம் தேய்க்கப்பட்டிருந்தாலோ, இலக்கங்கள் ஒரே வரிசையில் நில்லாமல் ஏறி இறங்கியிருந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வன்னியில் இந்தச் சோதனை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வேண்டும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொன்றின் சட்டத்தில் ஏற்றி உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். 2009இல் வண்டியையும் புத்தகத்தையும் சேர்த்தே இழந்து வந்த குடும்பங்கள் எத்தனையோ. அன்றைக்கு அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அப்படிச் சேர்ந்த வண்டியொன்றை இன்று முழு விலை கொடுத்து வாங்குகிறவர், பெயர் மாற்றப் போகும் நாளில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

அடுத்தது, புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது. அங்கே ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் (தவணைக் கடன்) இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் விடுவிப்புக் கடிதம் எடுக்கப்படவில்லை என்று பொருள். புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் பளபளவென்றிருந்த 150 சிசி வண்டியொன்றை, புத்தகத்தின் நிழற்பிரதியை மட்டும் பார்த்து, காசை எண்ணிக் கொடுத்து வாங்கினார். நாலு மாதம் கழித்து, பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட தவணைகளுக்காக வண்டியை வீதியில் வைத்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்பிய காசு அது. மூலப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐயம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கட்டணம் செலுத்திப் பதிவு விபரத்தைப் பெற்றுப் பாருங்கள்.

‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்லப்படும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பதிவுள்ளவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் விட, அந்தப் படிவம் மூன்று நாலு கைகள் மாறும். உடைமை மாறி 14 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குத் தண்டப்பணம் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, கையெழுத்து வைத்தவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ தொடங்குகிறது. வீதியில் ஓட்டுவதற்கான வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை ஆண்டாகப் புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் எண்ணுங்கள். அந்த நிலுவையும், புகைப் பரிசோதனைக் கட்டணமும், காப்புறுதியும் கழிக்க வேண்டிய தொகைகள். அவற்றைக் கழித்துச் சரிசெய்யலாம். இலக்கம் பொருந்தாமையையும் தீராத லீசிங்கையும் எந்தத் தொகையைக் கழித்தும் சரிசெய்ய முடியாது.

இனி வண்டி. ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டாம், நான் வரும்வரை அப்படியே நிற்கட்டும் என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் நடக்கும் ஏதோ ஒன்றை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். சாவியைத் திறக்காமல் கிக்கரைக் கையாலோ காலாலோ மெல்ல அழுத்தினால் ஒரு கட்டத்தில் அது திடமாக எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெய்க்குள் போவதுபோலக் கீழே இறங்கினால் கம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அமுக்கம், போய்விட்டது. முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை சிறிது வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் ஒயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அது சிறிய வேலை. ஓட்டத்தில் அக்சிலேற்றரைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் நீலப்புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன. விலையில் பெரிய தொகை விழும் இடம் இதுதான். ஏற்கெனவே போர் செய்த, அதாவது அந்த உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிய, வண்டி என்றால் எத்தனையாம் சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். கால் மில்லிமீற்றர், அரை, முக்கால், ஒன்று என்று ஏறிப்போகும் வரிசை அது. கடைசி சைஸில் நிற்கும் எஞ்சினுக்கு அடுத்த தடவை புதிய சிலிண்டர்தான் தேவைப்படும்.

மீற்றரை நம்பி விலை பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டால் மீற்றர் நின்றுவிடும். ஐந்து இலக்க மீற்றர் 99,999 கிலோமீற்றரைத் தாண்டினால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கால் வைக்கும் ரப்பரும், பிரேக் பெடலின் விளிம்பும், ஹேண்டில் பிடியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். 18,000 கிலோமீற்றர் காட்டும் வண்டியில் பெடல் இரும்பு கண்ணாடிபோல் மழமழத்திருந்தால் பெடலை நம்புங்கள். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த ரயர். புது ரயர் என்று சொல்லி விலை கூட்டுகிறவர்களிடம் இந்த இலக்கத்தைக் காட்டுங்கள்.

ஆனால் கிலோமீற்றரைவிட முக்கியமானது, வண்டி எந்த வீதியில் ஓடியது, எதைச் சுமந்தது என்பது. வவுனியாவிலிருந்து நாள்தோறும் ஏ9 வீதியில் வேலைக்கு வந்துபோகும் அரச ஊழியரின் வண்டி 60,000 கிலோமீற்றர் ஓடியிருந்தாலும் ஒரே வேகத்தில், ஒரே கியரில், நல்ல வீதியில் ஓடியிருக்கும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் 20,000 ஓடிய வண்டி அதைவிடக் களைத்திருக்கும். செம்புழுதி எயார் ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரைக் கழுவாமல், அல்லது கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் புழுதி உள்ளே போய்ப் போரை அரமாக அராவும். ஆகவே புகையைப் பார்க்கும் முன்னரே ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். முன்சில்லைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் ஹேண்டில் திரும்பும் பெயாரிங்கான கோன் செட் முடிந்துவிட்டது. கிரவல் வீதி வண்டிகளில் முதலில் போவது அதுதான்.

வயலுக்குப் போன வண்டியில் சீற்றின் மேல் நெல்மூட்டை ஏறியிருக்கும். பின் ஷொக்கில் ஒயில் கசிவும், பின்சில்லுக் கம்பிகளில் தளர்வும், சீற்றுக்குக் கீழே சட்டத்தில் வெல்டிங் தழும்பும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்து வண்டிக்கு வேறு நோய். மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலும் செயினிலும் சைலன்சரின் அடியிலும் விழுந்து உள்ளிருந்தே தின்னும். மேலே புதுப் பெயின்ற் அடித்திருப்பார்கள். ஒரு ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளோடு வண்டிகளும் நீருக்குள் நின்றன. அதன் பிறகு பல மாதங்களாக என் வேலையில் பாதி அவைதான். மீற்றர் கண்ணாடிக்கு உள்ளே சேற்றுக்கோடு, ஹெட்லைற்றுக்குள் மங்கல், வயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு, ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற படிவு ஆகியவை மூழ்கியதன் அடையாளங்கள். இப்படியான வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வயரிங் முழுவதையும் மாற்றும் செலவைக் கழித்த பிறகே விலை பேச வேண்டும்.

பழைய விலையைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவு வீதம் குறைத்துக்கொண்டே போகும் கணக்கு இப்போது பொருந்தாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடையில் ரூபாவின் பெறுமதியும் விழுந்தது. அதனால் 2014இல் வாங்கிய விலையைவிட இன்று கூடுதலாக விற்பதில் அதிசயமில்லை. வாங்கிய பற்றுச்சீட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதே ரகம், அதே ஆண்டு, ஒழுங்கான புத்தகமுள்ள வண்டிகள் உங்கள் பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே என்ன விலைக்குக் கைமாறின என்று மூன்று நாலு பேரிடம் விசாரியுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கொடுத்த விலை பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல்லுக்காசு கையில் புரளும் மாசி, பங்குனியில் வாங்குபவர் கூடுவர். விதைப்புக்குக் காசு தேடும் புரட்டாதி, ஐப்பசியில் விற்பவர் கூடுவர். அவசரமில்லாதவர் இதையும் நினைவில் வைத்திருக்கலாம்.

ஆசிரியையின் வண்டிக்கு வருவோம். காபரேற்றருக்குள் இரண்டாண்டுப் பெற்றோல் பிசினாகிக் கிடந்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அவ்வளவுதான். கழுவிப் புதுப் பிளக்கும் ஒயிலும் போட்டு, வேறொரு பற்றரியை இணைத்ததும் எழும்பிவிட்டது. புகை இல்லை, பிஸ்டன் போர் செய்யாத கொம்பனி சைஸில் இருந்தது, சேசி நேராக இருந்தது. ஒழுங்கான நிலையிலுள்ள அதே ஆண்டு வண்டிகள் எங்கள் பக்கத்தில் 300,000 ரூபாவை அண்டிப் போயிருந்தன. இரண்டு ரயரும் ரியூபும் 22,000, செயின் செட் 9,000, பற்றரி 8,000, காபரேற்றர் வேலையும் ஒயிலும் 6,000, பிரேக் கட்டையும் கேபிள்களும் 5,000, எல்லாமாக 50,000. மிச்சம் 250,000. வாங்குபவரின் அலைச்சலுக்கு இன்னுமொரு 10,000 விட்டுக்கொடுத்தாலும் 240,000க்குக் குறைய நியாயமில்லை. கணக்கை ஒரு கொப்பித்தாளில் எழுதி ஆசிரியையின் கையில் கொடுத்தேன். அதை அவர் திரும்பத் திரும்ப வாசித்தார்.

ஒரு வேலை மட்டும் மிச்சமிருந்தது. புத்தகம் இறந்தவரின் பெயரில் இருந்தது. கணவர் முன்பு கையெழுத்து வைத்ததாகக் காட்டிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்கு உடன்பட வேண்டாம், அது மோசடி என்று நான் சொன்னேன். மரணச் சான்றிதழையும் பிள்ளைகளின் சம்மதத்தையும் கொண்டு பெயரை முதலில் தன்னுடையதாக மாற்றிக்கொண்டு விற்பதாக ஆசிரியை முடிவெடுத்தார். அதுவரை ராங்கியை வெறுமையாக்கி, பற்றரி இணைப்பைக் கழற்றி, பின்சில்லு நிலத்தில் படாமல் நடு ஸ்ராண்டில் வண்டியை என் கராச்சின் உள்மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.