ஒரு வாள்வீச்சுக்குள் நடக்கும் கணக்கு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் வாளோடு சண்டைக்குப் போகிறவர், பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் முதுகுப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வெட்டை அந்த விளையாட்டு எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்துவிட்டால் போதும். எங்கே நிற்பது, எந்தக் கியரை (ஆயுதம், கவசம் போன்றவற்றை) எடுப்பது இரண்டுமே விளங்கிவிடும்.

2004இல் வந்து, 2019இல் கிளாசிக் என்ற பெயரில் திரும்பி வந்த பதிப்பையே எடுத்துக்கொள்வோம். திரையில் வாள் வீசும்போது, உள்ளே சர்வர் 100க்குள் ஒரு எண்ணை எடுக்கிறது. அந்த நூறு ஏற்கெனவே வரிசையாகப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்: முதலில் மிஸ் (குறி தவறுவது), அடுத்து டாட்ஜ் (எதிரி விலகிக்கொள்வது), பாரி (எதிரி ஆயுதத்தால் தட்டிவிடுவது), பட்டும் படாமலும் உரசிப்போகும் கிளான்சிங், பிளாக் (கேடயத்தால் தடுப்பது), கடைசியாகக் கிரிட் (வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி). இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் சாதாரண அடிக்கு. எண் எந்தப் பங்கில் விழுகிறதோ, வெட்டின் கதி அதுதான்.

60ஆம் லெவல் வாரியர் (போர்வீரர்) ஒருவர் இரண்டு கையிலும் ஆயுதம் ஏந்தி, 63ஆம் லெவல் பாஸைப் பின்னாலிருந்து வெட்டுகிறார். அதனால் பாரியும் பிளாக்கும் இல்லை. மிஸ் ஏறத்தாழ 27 சதவீதம். அதில் 19 இரட்டை ஆயுதத்துக்கான தண்டனை. டாட்ஜ் 6.5. கிளான்சிங் 40. கூட்டினால் 73.5 ஆகிறது. மிச்சம் 26.5தான். கிரிட்டை 30க்கு ஏற்றி வைத்திருந்தாலும் 26.5க்கு மேல் உள்ளே நுழைய இடம் கிடையாது. ஆனால் ஹிட் (அடி குறி தவறாமல் படும் வாய்ப்பு) ஒரு சதவீதம் ஏறினால் மிஸ் ஒன்று சுருங்கும். அந்த இடம் கிரிட்டுக்குத் திறக்கும். கிரிட்டை மட்டுமே துரத்துகிறவர்களிடம் நான் முதலில் ஹிட்டைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கிளான்சிங் விழும் வாய்ப்பை எந்தக் கியராலும் குறைக்க முடியாது. அதன் இழப்பைக் குறைக்கலாம். ஆயுதத் திறன் 300 இருந்தால் அந்த அடியில் சராசரியாக 35 சதவீத டேமேஜ் போய்விடும். 305 ஆனால் 15 சதவீதம்தான் போகும். மனிதர்களுக்கு வாளிலும், ஓர்க்குகளுக்குக் கோடரியிலும் இந்த 5 புள்ளி பிறவியிலேயே உண்டு. வாரியர்கள் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவ்வளவு யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அப்புறம், பொத்தானை அழுத்தி விடும் சிறப்புத் தாக்குதல்களுக்குக் கிளான்சிங்கும் இல்லை, இரட்டை ஆயுதத் தண்டனையும் இல்லை.

சரி, இதே வாரியர் முன்பக்கம் வந்து நின்றால்? பாரிக்கு ஏறத்தாழ 14 சதவீதம் போய்விடும், பிளாக்கும் சேர்ந்துகொள்ளும். கிரிட்டுக்கு இருந்த இடத்தில் பாதிக்கு மேல் பறிபோய்விடும். அதைவிட மோசமானது இன்னொன்று உண்டு. பாஸ் ஒரு வெட்டைப் பாரி செய்தால் அதன் அடுத்த அடி சீக்கிரம் வந்துவிடும். அந்த அடி விழுவது, குழுவுக்காக எதிரியின் அடிகளைத் தாங்கி நிற்கும் டேங்க் மேல். இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்தால், காயம் ஆற்றும் ஹீலர் மந்திரத்தை முடிப்பதற்குள் டேங்க் சாய்ந்துவிடுவார். இடம் தவறி நின்றவருக்கோ ஒரு கீறல்கூட இருக்காது. டேங்க் மட்டும் முன்னால் நின்றாக வேண்டும், அவருக்கு வேறு வழியில்லை.

அந்த டேங்கின் ஆர்மர் (கவச மதிப்பு) பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 60ஆம் லெவல் எதிரி அடிக்கும்போது 5,500 ஆர்மர் டேமேஜை 50 சதவீதம் குறைக்கும். 11,000 ஆனால் 66.7 சதவீதம், 16,500 ஆனால் 75 சதவீதம். ஏற்றம் குறைந்துகொண்டே வருவதால், போகப்போக ஆர்மரால் பயனில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தாங்கும் சக்தியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 உயிர்ப்புள்ளி உள்ளவர் முதல் நிலையில் 6,000 டேமேஜ் தாங்குவார், அடுத்ததில் 9,000, அதற்கடுத்ததில் 12,000. ஒவ்வொரு 5,500க்கும் அதே 3,000தான் கூடுகிறது. கடைசிப் புள்ளிக்கும் முதல் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. 75 சதவீதத்துக்கு மேல் மட்டும் விளையாட்டே விடாது. அந்த எல்லையைத் தொட்டவர் அடுத்த கியரில், உயிர்ப்புள்ளியைக் கூட்டும் ஸ்டாமினாவைத் தேடலாம்.