பேருக்குப் பின்னாடி "செட்டி"ன்னு இருந்தா மயக்க டாக்டர் ஏன் ஒரு கேள்வி கூடுதலா கேக்கறாரு?

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, ஆடுற பல்லு ஏதாவது இருக்கா, ராத்திரி எத்தன மணிக்கு சாப்ட்டீங்கன்னு கேப்பாங்களே, அது நாங்கதான். எல்லாருக்கும் இதே கேள்விதான், ஆனா முன்னாடியெல்லாம் கேஸ் ஷீட்ல பேருக்குப் பின்னாடி செட்டி, குப்தான்னு பாத்தா இன்னொண்ணும் சேத்து கேப்பேன், "உங்க சொந்தத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சும் மூச்சு திரும்ப ரொம்ப நேரம் ஆச்சா, மெஷின்ல வச்சிருந்தாங்களா"ன்னு. சில பேர் முழிப்பாங்க, சில பேருக்கு கோவமே வரும், ஆஸ்பத்திரிக்கு வந்தா கூடவா சார் ஜாதி பாப்பீங்கன்னு. அந்தக் கோவம் நியாயமானது, அதனாலயே இத ஒரு தடவ முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்.

நான் பிஜி முடிச்ச புதுசுல நடந்தது இது. ராத்திரி ரெண்டு மணி, சிசேரியன் கேஸ், குழந்தையோட துடிப்பு இறங்கிட்டே போகுது, முதுகுல ஊசி போட நேரமில்ல, முழு மயக்கம்தான் குடுக்கணும். ஷீட்ல அந்தப் பொண்ணு பேரு, முன்னாடி ஒரு இனிஷியல், அவ்ளோதான். தொண்டைல டியூப் போடறதுக்காக தசையெல்லாம் தளர வைக்கற ஸ்கோலின்ங்கற ஊசி போட்டேன், உடம்பு முழுக்க அந்த சின்ன துடிப்பு ஓடி அடங்குச்சு, டியூப் போட்டாச்சு, குழந்தையும் எடுத்து அழுதாச்சு. ஸ்கோலின் அஞ்சு பத்து நிமிஷத்துல தெளிஞ்சிரும், அது தெளிஞ்சு தசை கொஞ்சம் அசைய ஆரம்பிச்சதும்தான் அடுத்த மருந்து போடுவோம். நான் காத்திட்டே இருக்கேன், தெளியவே இல்ல. தையல் முடிஞ்சிருச்சு, கட்டு போட்டாச்சு, அப்பவும் அந்தப் பொண்ணு ஒரு மூச்சு கூட தானா எடுக்கல. மணிக்கட்டுல நெர்வ் ஸ்டிமுலேட்டர் வச்சு கரண்ட் குடுத்துப் பாக்குறேன், கட்டை விரல் வெடுக்குன்னு உள்ள மடங்கணும், மரக்கட்ட மாதிரி கெடக்கு.

அந்த நேரத்துல பண்ண வேண்டியது ரெண்டே விஷயம்தான், மெஷின் மூலமா மூச்சு குடுத்துட்டே இருக்கறது, தூங்க வைக்கற மருந்த நிறுத்தாம இருக்கறது. ரெண்டாவது ரொம்ப முக்கியம், ஏன்னா ஸ்கோலின் தசைய மட்டும்தான் கட்டிப் போடும், நெனவ கட்டாது. தூக்க மருந்த நிறுத்திட்டா உள்ள முழுசா முழிச்சிட்டு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, கண்ணத் தொறக்கக் கூட முடியாம ஒரு ஆளு படுத்திருப்பாங்க. நெனச்சாலே நெஞ்சு அடைக்குது. அவங்கள ஐசியூவுக்கு மாத்தி பக்கத்துலயே உக்காந்திருந்தேன், காலைல ஏழு மணிக்கு மேல கட்டை விரல் லேசா துடிச்சுது, ஒன்பதரைக்கு டியூப எடுத்தோம், முதல் வார்த்தையா குழந்தை எங்கன்னு கேட்டாங்க.

வெளிய அவங்க அம்மா உக்காந்திருந்தாங்க, வீட்ல தெலுங்கு பேசறவங்க. விஷயத்த சொன்னதும் அவங்க பதறல, "எங்க பின்னிக்கும் (சித்திக்கும்) கர்ப்பப்பை எடுத்தப்போ இப்படித்தான் சார், ஒரு நாள் முழுக்க மெஷின்ல இருந்தாங்க, ஏதோ மருந்து ஒத்துக்கலன்னு சொன்னாங்க"ன்னாங்க. எந்த மருந்துன்னு யாரும் எழுதிக் குடுக்கல, இவங்களும் கேக்கல, டிஸ்சார்ஜ் சம்மரிலயும் ஒரு வரி கிடையாதாம். அந்த ஒரு வரி இருந்திருந்தா அந்த ராத்திரி அந்தப் பொண்ணுக்கு நான் ஸ்கோலின தொட்டிருக்கவே மாட்டேன்.

நம்ம ஈரல் சூடோகோலினெஸ்டரேஸ்னு ஒரு நொதிய (என்சைம்) தயார் பண்ணி ரத்தத்துல விடுது. ஸ்கோலின் ஊசி ரத்தத்துல எறங்கின உடனே இந்த நொதி அத வெட்டித் தள்ள ஆரம்பிச்சிரும், போட்ட மருந்துல பெரும்பகுதி தசைக்குப் போய் சேர்றதுக்குள்ளயே காலியாயிரும், கொஞ்சூண்டுதான் போய் வேலை பாக்கும், அதான் நிமிஷக் கணக்குல தெளியுது. நொதி இல்லாதவங்களுக்கு போட்டது மொத்தமும் தசைக்குப் போய் உக்காந்துக்கும், மெதுவா தானா வெளிய வர மணிக்கணக்கு ஆகும். இந்த நொதிக்கான ஜீன் மூணாவது குரோமோசோம்ல இருக்கு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டுமே பழுதா இருந்தாதான் இந்தப் பிரச்சனை. இதுல விசேஷம் என்னன்னா இவங்களுக்கு வேற எந்த வியாதியும் கிடையாது, நல்லா சாப்பிடுவாங்க, ஓடுவாங்க, தொண்ணூறு வயசு வரைக்கும் இருப்பாங்க, ஸ்கோலின் போடற அந்த ஒரு நாள் வரைக்கும் அவங்களுக்கே தெரியாது.

சரி, செட்டிங்கற பேருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆர்ய வைஸ்யர்னு சொல்ற தெலுங்கு பேசற வியாபார சமூகத்துல இந்த நொதி இல்லாதவங்க மத்த இடத்த விட ரொம்ப அதிகம். ஐரோப்பால இந்த நொதி சுத்தமா இல்லாதவங்க லட்சத்துல ஒருத்தர்ங்கற அளவுல இருக்கும்போது இங்க நூறு பேர எடுத்தாலே சில பேர் இருக்காங்க. நம்ம கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க அந்த ஊர் வைஸ்ய குடும்பங்கள்ல பாத்து, வெளிநாட்டு விஞ்ஞானிகளோட சேந்து 2006ல இதுக்குக் காரணமான ஜீன் மாற்றத்தையே கண்டுபிடிச்சு எழுதினாங்க, நொதில 307வது இடத்துல லியூசின்ங்கற அமினோ அமிலம் இருக்கணும், அங்க ப்ரோலின்ங்கற வேற அமினோ அமிலம் வந்து உக்காந்திருக்கு. ஜீன்ல அந்த ஒரு எழுத்து மாறினதுக்குத்தான் என் கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு மணிக்கணக்கா தானா மூச்சு எடுக்க முடியாம கெடந்தது.

இது எப்படி ஒரு சமூகத்துக்குள்ள மட்டும் இவ்ளோ சேந்துச்சுன்னா, பழைய காலத்துல சின்னக் கூட்டமா ஆரம்பிச்சு, அந்தக் கூட்டத்துல யாரோ ஒருத்தர்கிட்ட இந்த மாற்றம் இருந்து, அதுக்கப்புறம் உள்ளுக்குள்ளயே கட்டிக் குடுத்து கட்டிக் குடுத்து பெருகினதால. ஹைதராபாத் சிசிஎம்பிங்கற ஆராய்ச்சி மையமும் அமெரிக்காவுல இருக்கற குழுவும் சேந்து 2009ல வெளியிட்ட டிஎன்ஏ ஆராய்ச்சில, வைஸ்யர்களோட இந்த ஆரம்பம் நூறு தலைமுறைக்கு முன்னாடின்னு கணக்கு வந்துச்சு. நூறு தலைமுறைன்னா ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷம், அவ்ளோ காலமா பக்கத்துத் தெருக்காரங்களோட கூட ரத்தம் பெருசா கலக்கல. அவங்க குலக்கதையும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. கோதாவரிக் கரைப் பக்கம் பெனுகொண்டாவுல வாசவின்னு ஒரு பொண்ணு, ராஜா கட்டிக்கக் கேட்டான், வேற குலத்துக்குத் தர மாட்டோம்னு 714 கோத்திரத்துல 102 கோத்திரத்துக்காரங்க அவளோட தீயில எறங்கினாங்கன்னு கதை. அந்த வாசவிய சாமியா கும்பிடற கன்னிகா பரமேஸ்வரி கோயில் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் இந்தக் கதையும் இருக்கு. மேனரிகம்னு அவங்க சொல்ற மாமன் மக அத்த மக கல்யாணமும் அந்தக் கதைக்குள்ளயே வருது. கோத்திரம் மாத்திக் கட்டுறமே அப்புறம் எப்படின்னு கேப்பாங்க, கோத்திரம் அப்பா வழிய மட்டும்தான் பாக்குது, ஜீன் அம்மா வழியாவும் வருது, அம்மாவும் அதே 102க்குள்ளதான.

அந்தக் கதைல வாசவியோட அப்பா பேரு குசும ஸ்ரேஷ்டி. செட்டிங்கற வார்த்தையோட வேரும் அதேதான். சமஸ்கிருதத்துல ஸ்ரேஷ்டின்னா வியாபாரிங்க கூட்டத்துக்குத் தலைவர், பிராகிருதத்துல ஸெட்டி ஆகி, தெக்க செட்டி, மரியாதைக்கு ஆர் சேத்து செட்டியார், வடக்க போனா சேட். அதாவது இது தொழிலையும் அந்தஸ்தையும் சொல்ற பேரு, ரத்தத்த சொல்ற பேரு இல்ல. இத எங்க ஜூனியர் டாக்டர்களுக்குத் திரும்பத் திரும்ப சொல்லுவேன். காரைக்குடி பக்கத்து நகரத்தார் ஒன்பது கோயில் வழி வந்தவங்க, தறி ஓட்டற தேவாங்க செட்டியார் கன்னடமோ தெலுங்கோ பேசறவங்க, எண்ணெய் ஆட்டுன வாணியச் செட்டியார் தனி, 24 மனை தெலுங்குச் செட்டியார் தனி, இவங்க வழக்கமா ஒருத்தரோட ஒருத்தர் சம்பந்தம் பண்ணிக்கறதில்ல. மலேசியால மலாக்கா செட்டிங்க இருக்காங்க, சுல்தான் காலத்துல அங்க போன தமிழ் வியாபாரிங்க வம்சம், உள்ளூர்ப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டு வீட்ல மலாய் பேசறாங்க, சாமி மட்டும் நம்ம சாமி. குப்தாவும் இப்படித்தான், வடக்க இருக்கற குப்தாவும் இங்க ஆர்ய வைஸ்யர் போட்டுக்கற குப்தாவும் ஒரே குடும்பம் இல்ல, சாஸ்திரத்துல வைஸ்யருக்குச் சொன்ன பேருங்கறதால ரெண்டு பக்கமும் எடுத்துக்கிட்டாங்க.

அதனால பேர மட்டும் பாத்து முடிவு பண்ணினா ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும். சம்பந்தமே இல்லாத செட்டியாருக்கு பயம் காட்டுவோம், நிஜமா நொதி இல்லாத ஒருத்தர் வெறும் இனிஷியலோட வந்தா கோட்ட விட்ருவோம். தமிழ்நாட்ல பாதிக்கு மேல இனிஷியல்தான, 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல ஜாதிப் பட்டத்த விடறதுன்னு தீர்மானம் போட்டதுல இருந்து பேருக்குப் பின்னாடி இருந்த வாலெல்லாம் போயிருச்சு. போனது ரொம்ப நல்லது, அத நான் முழு மனசோட சொல்றேன், ஆஸ்பத்திரி காரணத்துக்காக யாரும் அத திரும்ப ஒட்ட வச்சுக்க வேண்டியதில்ல. ஜாதி என்னன்னு நான் கேக்கறதும் இல்ல. குடும்பத்துல யாருக்காவது மயக்கத்துல சிக்கல் வந்துச்சான்னு கேக்கறேன், இப்பல்லாம் இனிஷியல் மட்டும் இருக்கறவங்க உட்பட எல்லார்கிட்டயும் கேக்கறேன், ஏன்னா இந்தக் குறை மத்த சமூகத்துலயும் அங்கங்க இருக்கு. உள்ளுக்குள்ளயே கட்டிக்கறது வைஸ்யர் மட்டும் இல்லயே, 2017ல வந்த ஆராய்ச்சில தெற்காசியாவுல 81 சமூகத்துக்கு இந்த மாதிரி சின்னக் கூட்டத்துல இருந்து வந்த அடையாளம், அதுவும் பின்லாந்துக்காரங்க, அஷ்கனாசிங்கற ஐரோப்பிய யூதர்கள விட அழுத்தமா இருந்துச்சு, அதுல 14 சமூகம் பத்து லட்சத்துக்கு மேல ஆள் இருக்கறது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் எது சேந்திருக்குன்னு நாம இன்னும் முழுசா பாக்கல.

டெஸ்ட் கஷ்டம் இல்ல. சீரம் கோலினெஸ்டரேஸ்னு ஒரு சாதாரண ரத்த டெஸ்ட், பூச்சிமருந்து குடிச்சவங்களுக்கு எடுக்கறோமே அதே டெஸ்ட்தான், அந்தத் துயரத்தால நம்ம ஊர் ஜிஎச்சுங்கள்ல இது பழக்கமான டெஸ்ட். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, நொதி இல்லாத ஒருத்தர் வேற எதுக்கோ மயங்கி விழுந்து வந்து இந்த டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் அடில இருக்கும், பூச்சிமருந்து குடிச்சிட்டாங்கன்னு முடிவு பண்ணிருவாங்க, அதனால குறைவா இருக்கறது தெரிஞ்சா ஒரு அட்டைல எழுதி கூடவே வச்சுக்கங்க. கர்ப்ப காலத்துலயும் ஈரல் வியாதிலயும் இது கொஞ்சம் எறங்கும், அது வேற கணக்கு. பல்லு புடுங்க போடற லிக்னோகெய்ன் ஊசிக்கு இந்த நொதி தேவையில்ல, தாராளமா போட்டுக்கலாம். ஸ்கோலினுக்கு பதிலா ரோகுரோனியம் மாதிரி வேற மருந்து இருக்கு. கல்யாணப் பொருத்தம் பாக்கறப்ப இத ஒரு குறையா கொண்டு வந்துராதீங்க, இது வியாதியே இல்ல.

அந்தப் பொண்ணுக்கு ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணோம், நொதி இல்லவே இல்லன்னு சொல்ற அளவு. அவங்க அம்மா, தங்கச்சி, அண்ணன், எல்லாரையும் வரச் சொன்னேன், தங்கச்சிக்கும் அதே மாதிரி, அண்ணனுக்கு நார்மல். ரெண்டு பேருக்கும் ஒரு அட்டைல கொட்ட எழுத்துல "ஸ்கோலின் போடக் கூடாது"ன்னு எழுதி, ஏன்னு கீழ ஒரு வரி போட்டு, லேமினேட் பண்ணிக் குடுத்தேன், ஆதார் கார்டோட வச்சுக்கச் சொன்னேன். மூணு வருஷம் கழிச்சு வேற ஊர்ல அந்தத் தங்கச்சிக்கு ராத்திரி அப்பெண்டிக்ஸ். பர்ஸ்ல இருந்து அவங்க வீட்டுக்காரர் அந்த அட்டைய எடுத்து நீட்டியிருக்காரு, அங்க இருந்த மயக்க டாக்டர் எனக்கே போன் பண்ணாரு, ரோகுரோனியம் போட்டுக்கறேன்னாரு. ஒன்றரை மணி நேரத்துல திரும்பக் கூப்ட்டாரு, டியூப் எடுத்தாச்சாம், வார்டுல படுத்துட்டு தண்ணி வேணும்னு அடம் புடிக்கறாங்களாம்.