கோட் டிவார்: பெயரும் பொருளும்

ஐவரி கோஸ்ட், தந்தக் கரை, கோட் டிவார் என்று மூன்று விதமாகத் தமிழில் எழுதப்படுவது ஒரே நாடுதான். மேற்கு ஆப்பிரிக்காவில், கினி வளைகுடாவை ஒட்டி, கானாவுக்கும் லைபீரியாவுக்கும் நடுவே இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 3,22,000 சதுர கிலோமீட்டர். வடக்கே மாலி, புர்க்கினா பாசோ; வடமேற்கே கினி.

பிரெஞ்சில் 'கோட்' என்றால் கரை, 'இவ்வார்' என்றால் யானைத் தந்தம். இடையில் வரும் 'ட்' நம் 'உடைய' போல. 'கோட்' என்பதன் மூலம் லத்தீன் 'கோஸ்தா', அதாவது விலா எலும்பு. பக்கவாட்டு என்ற பொருளிலிருந்து கடலோரத்துக்கு வந்த சொல்.

இது அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயரல்ல. 15ஆம் நூற்றாண்டு முதல் அங்கே வந்த ஐரோப்பியக் கப்பல் வணிகர்கள், எந்தக் கரையில் எந்தச் சரக்கு கிடைத்ததோ அதையே பெயராக்கினார்கள். இன்றைய லைபீரியா, மிளகுபோல் காரமான ஒரு விதைக்காகத் தானியக் கரை ஆனது. கானா தங்கக் கரை. டோகோ, பெனின் பக்கம் அடிமைக் கரை. மனிதரும் அந்தக் கணக்கில் சரக்குதான். தந்தக் கரைக்குப் பழைய பிரெஞ்சில் 'பற்களின் கரை' என்றும் ஒரு பெயர் உண்டு. தமிழில் நாம் ஆளும் 'தந்தம்' வடமொழியில் பல்லைத்தான் குறிக்கும். பிரெஞ்சின் 'தான்' (பல்), வடமொழியின் 'தந்த' இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

தனித்தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் மருப்பு, கோடு இரண்டும் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் 'வெண்கோட்டு யானை' வரும். அதே 'கோடு' கரையையும் குறிக்கும்: திருக்குறள் 523இல் 'கோடின்றி நீர்நிறைந் தற்று' என்பதில் கோடு குளக்கரை. ஆக தந்தமும் கரையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன! பிரெஞ்சுக் 'கோட்' காதுக்கு நம் 'கோடு' மாதிரியே கேட்பது தற்செயல்தான். இதை வைத்து வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

அப்படியானால் மொழிபெயர்த்தே எழுதலாமா? கூடாது. பெயர் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு எழுத்தில் தொடங்கியதால் பன்னாட்டு அரங்குகளில் அகரவரிசைப்படி நாட்டின் இடம் மாறிக்கொண்டே இருந்தது. எந்த மொழியிலும் பிரெஞ்சு வடிவமே வேண்டும் என்று 1986இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆகவே இன்றைய நாட்டுக்குக் கோட் டிவார். 'தந்தக் கரை'யைப் பழைய வணிகக் கரையைப் பற்றி எழுதும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். 'தந்தக் கடற்கரை' எப்போதுமே சரிவராது. காற்று வாங்கப் போகும் இடம்போல் ஆகிவிடும்.

ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து 'கோட் டி ஐவோயர்' என்று எழுதுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. 'கோத் திவ்வார்' என்று எழுதினால் பிரெஞ்சு ஒலிக்கு இன்னும் நெருக்கம். ஆனால் 'தி'யை வல்லோசையாகப் படித்துவிடும் வாய்ப்பு அதிகம். பழகிப்போன டகரமே போதும். அந்நாட்டு உணவான அச்செக்கேக்கும் இதே கதி: எழுத்தைப் பார்த்து 'அட்டியேகே' ஆக்கிவிடுகிறார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, ஏற்கெனவே புளித்த கிழங்கைக் கொஞ்சம் கலந்து புளிக்க வைத்து, சாக்கில் கட்டி அழுத்தி நீரைப் பிழிந்து, குருணையாக உதிர்த்து ஆவியில் அவிப்பார்கள். நீர் சரியாக வடியாவிட்டால் மணிமணியாக உதிராது, களியாகிவிடும்.

1893இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடானபோது தலைநகர் கிராண்ட் பாசம். மஞ்சள் காய்ச்சல் விரட்டியதில் அது பிங்கர்வில்லுக்கும், 1930களில் அபிஜானுக்கும் மாறியது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டை வெட்டி 1950இல் விரிடி கால்வாயைத் திறந்த பிறகுதான் அபிஜான் பெரிய துறைமுகமானது. விடுதலை 1960 ஆகஸ்ட் 7. 1983 முதல் தலைநகர் யாமுசூக்ரோ. ஆனால் அரசு அலுவலகங்களில் பெரும்பாலானவை இன்றும் அபிஜானில்தான்.

பெயரில் உள்ள யானை அரசு முத்திரையில் இருக்கிறது, கால்பந்து அணியின் பட்டப்பெயராக இருக்கிறது. காட்டில் எஞ்சியவை மிகச் சில. காடுகளில் பெரும்பகுதி கொக்கோ தோட்டமாகிவிட்டது. உலகக் கொக்கோவில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இங்கிருந்தே வருகிறது.

மக்களைக் குறிக்க 'ஐவரியர்' வேண்டாம்; கோட் டிவார் நாட்டவர் என்றாலே போதும். பவுலே, பெத்தே, செனுஃபோ, மலிங்கே என்று அறுபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் அங்கே உண்டு. ஆட்சிமொழி பிரெஞ்சு, வடக்கிலும் சந்தைகளிலும் ஜூலா. 1990களில் அதிபர் பெதியே காலத்தில் 'இவ்வாரித்தே' என்றொரு சொல் அரசியலில் வலுத்தது. 'அசல் நாட்டவர் தன்மை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். யார் அசல் நாட்டவர் என்ற அந்த வாதத்தை முன்வைத்துத்தான் வடக்கைச் சேர்ந்த அலசான் வத்தாரா தேர்தலில் நிற்க முடியாமல் தடுக்கப்பட்டார். 2002இல் உள்நாட்டுப் போர் மூண்டதற்கு அந்தப் பிளவும் ஒரு காரணம். வத்தாரா 2011இல் அதிபரானார்.