உண்ணிக் காய்ச்சலும் ஒரு மலிவான மாத்திரையும்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களில் பலர் ஊசி கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்குள் மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கி நான்கைந்து நாள் விழுங்கியிருப்பார்கள். காய்ச்சல் அசைந்திருக்காது. நுண்ணிய உண்ணிப் பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) என்றால் அசையவும் அசையாது. அதை உண்டாக்கும் கிருமி நம் உயிரணுக்களுக்குள் புகுந்து வாழ்கிறது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை.

பலிப்பது டெட்ராசைக்கிளின் குடும்பம். உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து, கிருமி புரதம் தயாரிப்பதை முடக்கிவிடும். இக்குடும்பத்தின் மூத்த மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. மிசௌரி பல்கலைக்கழக நிலத்து மண்ணில் இருந்த பொன்னிற நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பெஞ்சமின் டக்கர் அதைக் கண்டெடுத்தார். அப்போது அவர் வேலை பார்த்த அமெரிக்க மருந்து நிறுவனமான லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். இன்று நாங்கள் எழுதித் தரும் டாக்சிசைக்கிளின் அதன் தம்பி. விலை குறைவு என்பதாலேயே அதை நம்ப மறுப்பவர்களும் உண்டு!

உரிய காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்துவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எதுவும் பாதிக்கப்படலாம். அதனால்தான் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறோம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. கூச்சப்பட்டு மறைத்தால் நோயும் மறைந்துகொள்ளும். பொருக்கே இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பது வேறு தொல்லை.

மாத்திரையை விழுங்குவதிலும் விஷயம் இருக்கிறது. பழைய டெட்ராசைக்கிளினைப் பால் வெகுவாகத் தடுக்கும். டாக்சிசைக்கிளினுக்கு அந்தச் சிக்கல் குறைவு, சாப்பாட்டோடு எடுக்கலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் அதோடு சேரக் கூடாது. சோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடும் தோட்டப் பெண்கள் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மலை வெயிலில் கொழுந்து பறிக்கப் போனால் தோல் சிவந்து எரியலாம், முழுக்கைச் சட்டை நல்லது. கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் தருகிறோம், சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

மீந்ததை அடுத்த காய்ச்சலுக்கு என்று அலமாரியில் வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். காலாவதியாகிச் சிதைந்த டெட்ராசைக்கிளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததை 1960-களிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.