மலை பங்களாவில் வைஃபை ஏன் திணறுகிறது?

குன்னூரில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டு இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் பழைய பங்களா ஒன்றில் குடும்பத்தோடு ஐந்து நாள் தங்கியிருந்தேன். நொடிக்கு 100 மெகாபிட் வைஃபை உண்டு என்று கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பகலில் அது மெய்யாகவே இருந்தது. மாலை ஏழு மணிக்கு அறைக்குள் அமர்ந்து அலுவலக வீடியோ அழைப்பில் சேர்ந்தபோதோ, எதிரே இருந்தவர்களின் முகங்கள் உறைந்தன, குரல்கள் துண்டு துண்டாக வந்தன, பத்து நிமிடத்தில் அழைப்பே அறுந்துபோனது. அவ்வளவு நேரமும் கைப்பேசியின் மேல்மூலையில் வைஃபைக் குறி ஏறத்தாழ நிறைந்தே இருந்தது.

அந்தக் குறி பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் அதன் வேலைக்கு மிஞ்சிய கேள்வியைக் கேட்கிறோம். ரவுட்டரின் அலை கைப்பேசிக்கு எவ்வளவு வலுவாக வந்து சேருகிறது என்பதை மட்டுமே அது காட்டும். நாம் அனுப்பும் தரவு, பொதிகள் எனும் சிறு துண்டுகளாகப் பிரிந்தே செல்லும்; ஒவ்வொரு பொதியும் கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்குக் காற்றில் போகிறது. ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் நிலையத்துக்குக் கண்ணாடி இழையிலோ கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ போகிறது. அங்கிருந்து தொலைவில் எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. இந்த மூன்று கட்டங்களில் எதில் தடை வந்தாலும் நமக்குத் தெரிவது திரையில் சுழலும் அதே வட்டம்தான். எனவே விடுதிக்காரரிடம் "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்வது, மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வதைப் போன்றது.

முதற்கட்டமான காற்றிலிருந்து தொடங்குவோம். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், பின்னதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர். அலையின் இழப்பை டெசிபெல்லில் அளப்பார்கள். 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெட்டவெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் போகும். மெல்லிய மரத் தடுப்பு சில டெசிபெல்களை மட்டும் விழுங்கும். மலையூர்ப் பழைய பங்களாக்களின் முழங்கை நீளக் கனமுள்ள கருங்கல் சுவரோ இருபதுக்கும் மேல் விழுங்கிவிடக்கூடும். குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய சுவர், வைஃபையையும் அதே உறுதியோடு நிறுத்துகிறது.

சுவரைச் சாய்வாகக் கடப்பது இன்னும் கேடு. 45 சென்டிமீட்டர் சுவரை அலை நேராகத் துளைத்தால் 45 சென்டிமீட்டர் கல்லைக் கடந்தால் போதும். 45 பாகைச் சாய்வில் துளைத்தால் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் கல்லைக் கடக்க வேண்டும். அதனால்தான் ஒரே அறையில் ஒரு மூலையில் வைஃபை கிடைக்கிறது, இன்னொரு மூலையில் கிடைப்பதில்லை. இத்தகைய வீடுகளில் அலை பெரும்பாலும் சுவரைத் துளைத்து வருவதில்லை; மனிதரைப் போலவே கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. கட்டிலில் இருந்து எழுந்து கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொள்வது, செலவில்லாத சிகிச்சைகளில் முதன்மையானது. சில ரவுட்டர்கள் ஒரே பெயரை இரண்டாகக் காட்டி, ஒன்றின் இறுதியில் 5ஜி என்று சேர்த்திருக்கும். அது கைப்பேசியின் 5ஜி அன்று. 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். ரவுட்டர் இருக்கும் அதே அறையில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்; இரண்டு சுவர் தள்ளி இருந்தால், வேகம் குறைந்தாலும் சுவரைச் சற்று எளிதாகக் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸே ஒழுங்காக வேலை செய்யும்.

அலை வலுவாக வந்து சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் காற்று எல்லோருக்கும் பொது. ஒரு வைஃபை அலைத்தடத்தில், அதாவது அலைவரிசைக்குள் ஒரு ரவுட்டர் பயன்படுத்தும் பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும் என்பதே பெரும்பாலான ரவுட்டர்களின் நடைமுறை. இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டதும் விடுமுறைக்குப் பேர்போன ஓர் இடம்தான். ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலையால் இணைக்க, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் தலைமையிலான குழு 1971-இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பை இயக்கியது. வேண்டியபோது அனுப்பு, பதில் வராவிட்டால் மோதல் நேர்ந்ததாகக் கொண்டு, ஏதோ ஒரு இடைவெளி விட்டு மீண்டும் அனுப்பு என்பதே அதன் விதி. எளிமையான விதிதான், ஆனால் கூட்டம் பெருகினால் அலைத்தடத்தின் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது என்பது கணக்கு. இன்றைய வைஃபை பேசுவதற்கு முன் செவிமடுக்கிறது. வேறு யாரும் பேசவில்லை என்று உறுதிசெய்து, சிறிது நேரம் பொறுத்து, பிறகே அனுப்புகிறது. மோதல்கள் இதனால் பெரிதும் குறைகின்றன. காத்திருப்பு குறைவதில்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் அநீதி இருக்கிறது. கருவிகள் முறை வைத்துப் பேசும்போது ஒவ்வொன்றுக்கும் சமமான வாய்ப்புக் கிடைக்கிறது, ஆனால் சமமான நேரம் செலவாவதில்லை. ஒரு பொதி 1,500 பைட், அதாவது 12,000 பிட் என்று கொள்வோம். ரவுட்டருக்கு அருகில் நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் இணைந்திருக்கும் மடிக்கணினி அதை 0.04 மில்லிநொடியில் அனுப்பிவிடும். பின்கட்டு அறையில் இரண்டு சுவர்களுக்கு அப்பால் 6 மெகாபிட் வேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கைப்பேசிக்கு அதே பொதியை அனுப்ப 2 மில்லிநொடி வேண்டும், அதாவது 50 மடங்கு நேரம். இருவரும் மாறி மாறி ஒவ்வொரு பொதியாக அனுப்பினால் ஒரு சுற்றுக்கு 2.04 மில்லிநொடி ஆகும். அப்போது மடிக்கணினிக்கும் 6 மெகாபிட்டைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஒற்றையடிப் பாதையில் முன்னே மாட்டு வண்டி போனால் பின்னே வரும் காரும் மாட்டு வண்டியின் வேகத்தில்தான் போயாக வேண்டும். ஆகவே, அலை சரியாக எட்டாத அறையில் இருக்கும் ஒருவரின் படப்பதிவிறக்கம் அவருக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள அனைவருக்கும் இடையூறாகிறது. புதிய ரவுட்டர்கள் சில, பொதிகளை எண்ணாமல் நேரத்தைப் பங்கிட்டு இதைச் சரிசெய்கின்றன. வாடகை வீடுகளில் காணப்படுபவை பெரும்பாலும், இணைப்புக் கொடுத்த நிறுவனம் இலவசமாகத் தந்துவிட்டுப்போன எளிய ரவுட்டர்கள்.

இதற்கு மாற்றாக நடுவழியில் ஒரு ரிப்பீட்டரைச் செருகி வைப்பது வழக்கம். ஒரே அலைத்தடத்தில் இயங்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு பொதியையும் ஒரு முறை கேட்டு ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதைவிட, அலை ஏற்கெனவே நலிந்துபோன இடத்தில் அதைச் செருகினால், கேட்காததை அது உரக்கச் சொல்ல இயலாது. கைப்பேசியில் குறி நிறைந்திருந்தும் இணையம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்: நிறைந்திருப்பது ரிப்பீட்டரோடு நமக்குள்ள உறவு, ரவுட்டரோடு ரிப்பீட்டருக்குள்ள உறவு அன்று.

இரண்டாம் கட்டம்தான் அந்த மாலையில் என் அழைப்பை அறுத்தது. விடுமுறை வீடுகளுக்கே உரிய ஒரு தன்மை இதில் இருக்கிறது. பகல் முழுதும் விருந்தினர்கள் டால்பின் நோஸ், லாம்ஸ் ராக் என்று சுற்றி, ஆளுக்கு நூறு படங்களும் பத்துக் காணொளிகளும் எடுக்கிறார்கள். வைஃபை கிடைக்கும்போது மட்டும் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்ற வேண்டும் என்று பலருடைய கைப்பேசிகள் அமைக்கப்பட்டிருக்கும். இருட்டியதும் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். யாரும் எதையும் தொடாமலே, எட்டுப் பத்துக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் படங்களை ஏற்றத் தொடங்குகின்றன.

ஏற்றும் பாதை, இறக்கும் பாதையைவிடப் பல இணைப்புகளில் குறுகியது. வரும் பொதிகள் அதைவிட மிகுந்தால், ரவுட்டர் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. நினைவகம் மலிவானதும், ஒரு பொதியும் வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் இந்த வரிசையை நீளமாக்கினார்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட், வரிசையின் இடம் 256 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், வரிசை நிறைந்திருக்கும்போது புதிதாக வரும் பொதி வெளியேற ஒரு முழு நொடி ஆகும். என் குரலைத் தாங்கிய பொதியும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இறக்கும் பாதை காலியாக இருந்தும் பயனில்லை. பக்கம் ஒன்றைத் திற என்ற நம் கோரிக்கையும், வந்தது கிடைத்தது என்ற ஒப்புகைகளும் ஏற்றும் பாதையில்தான் போக வேண்டும், அவை தாமதித்தால் எதிர்முனை அனுப்புவதையே மெதுவாக்கிக்கொள்ளும். வேகச் சோதனைச் செயலி அப்போதும் மரியாதையான ஓர் எண்ணைக் காட்டக்கூடும், ஏனெனில் அது நொடிக்கு எத்தனை பிட் என்று எண்ணுகிறதே தவிர, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்பதை முதன்மையாகக் காட்டுவதில்லை.

நெரிசலின் கதை பழையது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. அதை ஆராய்ந்த கணினி வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன், பொதி தொலைந்தால் நெரிசல் என்று உணர்ந்து அனுப்புவோர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். இணையம் இன்றும் பெரும்பாலும் அந்தக் கொள்கையில்தான் நிற்கிறது. ஆனால் அந்த முறைக்குப் பொதி தொலைந்தாக வேண்டும். வரிசையை நீட்டிக்கொண்டே போனால் பொதி தொலைவதில்லை, வெறுமனே தாமதிக்கிறது; அனுப்புவோருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைப்பதில்லை. 2010 வாக்கில் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து, பஃபர்புளோட் (வரிசை வீக்கம்) என்று பெயரிட்டு உலகறியச் செய்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், பொதி எவ்வளவு நேரம் நின்றது என்று பார், காத்திருப்பு தொடர்ந்து மிகுந்தால் ஒரு பொதியைக் கைவிட்டு, அனுப்புவோரை எச்சரி. ஒரு பொதியை வேண்டுமென்றே இழப்பதால் ஆயிரம் பொதிகள் நேரத்துக்குப் போகின்றன என்ற இந்த எண்ணம், வலையமைப்பியலில் நான் படித்தவற்றுள் மிக அழகானது.

கோபுரத்தின் வழியாக இணையம் பெறும் வீடுகளில் மலையும் சேர்ந்துகொள்கிறது. தாழ்ந்த அலைவரிசைகள், எடுத்துக்காட்டாக 850 மெகாஹெர்ட்ஸ், மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். 2,300 மெகாஹெர்ட்ஸோ 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட 5ஜி அலையோ அவ்வாறு எளிதில் வளைவதில்லை. ஆகவே பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னலோரத்தில் கைப்பேசியை வைத்தால் வரும் வேகம், நான்கடி உள்ளே தள்ளி வைத்தால் வருவதில்லை. அவ்வாறு கைப்பேசியின் தரவையே மடிக்கணினிக்குப் பயன்படுத்துவோர், ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக யுஎஸ்பி கம்பியால் இணைத்தால் காற்றில் போகும் ஒரு கட்டம் குறைகிறது.

மூன்றாம் கட்டத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டரில் உள்ள சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப 29 மில்லிநொடியேனும் ஆகும். அது அழைப்புக்குத் தடையே அன்று.

எந்தக் கட்டத்தில் கோளாறு என்று அறிவதற்குப் பத்து நிமிடம் போதும். ரவுட்டருக்கு அருகே நின்று வேகத்தை அளக்க வேண்டும். பிறகு அறைக்குள் அளக்க வேண்டும். அருகில் நன்றாக இருந்து அறையில் விழுந்தால் கோளாறு காற்றில். அருகிலேயே மோசமாக இருந்தால் இணைப்பில். பிறகு, பிங் என்று காட்டப்படும் தாமதத்தை அமைதியான வேளையில் ஒரு முறையும், பெரிய காணொளி ஒன்றை ஏற்றிக்கொண்டே ஒரு முறையும் பார்க்க வேண்டும். எங்கள் பங்களாவில் முன்னது 30 மில்லிநொடிக்குள் இருந்தது, பின்னது 900-ஐத் தாண்டியது. வீடியோ அழைப்பு ஒன்றுக்கு நொடிக்கு 1 முதல் 3 மெகாபிட் போதுமென்பதால், வேகத்தில் எங்களுக்குக் குறையே இல்லை, வரிசைதான் பிரச்சினை. மெகாபிட் எட்டு சேர்ந்ததே ஒரு மெகாபைட் என்பதையும் இவ்விடத்தில் நினைவில் வைக்க வேண்டும்: 40 மெகாபிட் இணைப்பில் கோப்பு நொடிக்கு 5 மெகாபைட்டாக இறங்குவது கோளாறு அன்று.

மறுநாள் மாலை எங்கள் கைப்பேசிகள் நான்கிலும் படங்கள் தானாக ஏறுவதை நிறுத்தி, இரவு பதினொன்றுக்குப் பிறகு நாங்களே ஏற்றினோம். பக்கத்து அறைக்காரர்களிடமும் விவரம் சொன்னோம், அவர்களும் ஒத்துழைத்தார்கள். மேசையைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அழைப்பு முக்கால் மணி நேரம் தடையின்றி நடந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், ரவுட்டரின் அமைப்பில் ஏற்றும் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதை உண்மையான வேகத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு அமைக்கும்படி சொன்னேன். அப்போது ஒட்டுமொத்தத்தில் சிறிது வேகம் குறையும், ஆனால் வரிசை ரவுட்டருக்கு அப்பால் உள்ள நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் நம் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டரிலேயே சேரும், அங்கே அதைக் குறுகலாக வைத்துக்கொள்ள முடியும். பின்கட்டு அறைகளுக்கு ரிப்பீட்டரைவிட ஈதர்நெட் கேபிளே நல்லது என்றும் சொன்னேன். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் தரவைக் கடத்தும். கூடத்திலிருந்து பின்கட்டுக்கு, கூரையோரமாகச் சுற்றிப் போனாலும், 20 மீட்டர்தான் இருக்கும். அவர் மறுநாள் மதியமே கயிற்றைப் பிடித்து அந்தத் தூரத்தை அளந்துகொண்டிருந்தார்.