மாசிப் பனி மடுவைத் துளைக்குமா?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஊரில் கேட்ட இந்தப் பழமொழியை இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் முழுசாக நம்பினேன். ஜனவரி கடைசி, நாட்டிங்ஹாம் பக்கம் டிரெண்ட் ஆற்றங்கரை. புல் வெள்ளையாக உறைந்து, மிதித்தால் நொறுங்கியது. அந்த நேரத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பச்சைக் குடைக்கடியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கோலின் வளையங்களில் பனிக்கட்டி பிடித்துத் தங்கூசி ஓட மறுத்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊதி ஊதி அதை உருக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு மீன் பிடித்தாராம். குழம்புக்கு ஆகுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் குளிர் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது. பிடித்த மீனை எடை பார்த்து, தடவிக்கொடுக்காத குறையாக ஆற்றிலேயே விட்டுவிடுவது இவர்கள் வழக்கம். இவர்களுடைய மீன்பிடிப்புக்குக் 'கோர்ஸ் ஃபிஷிங்' என்று பெயர். சால்மனும் டிரவுட்டும் சீமான்களின் மீன்கள். மிச்சமெல்லாம் 'கோர்ஸ்', அதாவது மட்ட ரகம் என்று யாரோ பழைய காலத்தில் பிரித்து வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த மட்ட ரகத்தில் ரோச், சப், பார்பல், ப்ரீம், டென்ச் என்று கெண்டையின் சொந்தக்காரர்கள் ஒரு பட்டாளம். அப்புறம் பெர்ச், பைக். பைக் என்றால் நீண்ட தாடையும் ஊசிப் பற்களும் உள்ள வேட்டை மீன். இரண்டு சக்கரம் கிடையாது.

பெரியவர் தூண்டில் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது இரையும் இல்லை, முள்ளும் இல்லை. நூலில் கட்டிய ஒரு வெப்பமானி. அதை ஆற்றில் இறக்கி இரண்டு நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தார்: 4.5 டிகிரி செல்சியஸ். நேற்றும் அதேதான் என்று சொல்லித் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு அந்த 4.5-ஐ விட 'நேற்றும் அதேதான்' எதற்கு முக்கியம் என்று புரியவில்லை. அது புரிய, பனி தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் துளைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தியாகும். தண்ணீரும் அப்படித்தான் சுருங்கிக்கொண்டே வரும்; ஆனால் 4 டிகிரியில் மனசு மாறி, அதற்குக் கீழே போனால் மறுபடி விரியத் தொடங்கும். பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்துவிடும். ஆக, இருப்பதிலேயே கனமான தண்ணீர் 4 டிகிரித் தண்ணீர். அது ஏரியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதக்கும். கடைசியில் மேற்பரப்பு உறைந்து மூடி போட்டதுபோல் ஆகிவிடும். மேலே காற்று மைனஸ் 10 ஆனாலும், மூடிக்கடியில் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு 4 டிகிரி கிடைக்கிறது. மூடிக்குச் சற்றுக் கீழே 0 டிகிரிக்குப் பக்கத்தில் நீந்தினாலும் மீன் உறைந்துவிடாது. அதன் ரத்தத்தில் உப்பு இருப்பதால் உறைநிலை மைனஸ் அரை டிகிரிக்குச் சற்றுக் கீழே. தண்ணீர் தண்ணீராக இருக்கும்வரை மீனுக்கும் ஆபத்தில்லை.

இதைப் பள்ளிப் பாடமாகப் படித்துவிட்டு, குளிர்காலத்தில் ஏரியின் ஆழமான இடத்தில் தூண்டில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லா ஏரிக்கும் அது பொருந்தாது. ஆழம் குறைந்த ஏரியில் கிழக்குக் காற்று விடாமல் அடித்தால், மேல் நீரும் அடி நீரும் கலந்து, உறைவதற்கு முன்னாலேயே முழு ஏரியும் 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆற்றில் இந்த அடுக்குக் கதையே கிடையாது. சுழன்று புரண்டு ஓடும் தண்ணீரில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைதான். ஆற்று மடுவில் மீன் கூடுவதற்குக் காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

மீனுக்குச் சொந்தமாக உடற்சூடு இல்லை. தண்ணீர் எத்தனை டிகிரியோ, கிட்டத்தட்ட அத்தனைதான் உடம்பும். உடம்பு என்பது வேதிவினைகளின் கூட்டம்தானே, 10 டிகிரி இறங்கினால் அவற்றின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். இதயம் மெதுவாகத் துடிக்கும், செவுள் மெதுவாக அசையும், செரிமானம் இழுத்துக்கொண்டே போகும். கோடையில் சில மணி நேரத்தில் குடலைத் தாண்டும் இரை இப்போது நாள்கணக்கில் தங்கும். வெளியே பார்த்தால் மீன் தூங்குவதுபோல் இருக்கும். உண்மையில் அது வருமானம் குறைந்த மாதத்தில் செலவைக் குறைத்துக்கொண்ட குடும்பத்தலைவர் மாதிரி. வெளியே போவதில்லை, போனால் ஏதாவது லாபம் இருக்க வேண்டும்.

தூண்டில்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு, அது இரையின் அளவைப் பற்றியது. கோடையில் வாரி இறைப்பவர் குளிரில் ஒரு கைப்பிடி ரொட்டித் தூளோடு நிறுத்திக்கொள்வார். நாலு வாயில் வயிறு நிரம்பிவிடும் மீனுக்கு முன்னால் விருந்து வைத்தால், முள்ளில் கோத்த துண்டு எந்த வாய்க்குப் போகும்? இரையைப் போடலாம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்று பெரியவர் அடிக்கடி சொல்வார்.

சரி, 'நேற்றும் அதேதான்' விஷயம். உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. உணவும் உப்பும் நரம்புச் செய்தியும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும், அதனால் அது இளகி இருப்பது அவசியம். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டில் என்ன ஆகிறது? கல்லாகிவிடும், வெயிலில் வைத்து உருக்குவோம். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆவதில்லை. தேங்காயெண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் நேரானவை, குளிரில் விறகுபோல் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வளைந்தவை. வளைந்த விறகை நெருக்கி அடுக்க முடியாது. குளிர் வரும்போது கெண்டை செய்வது கிட்டத்தட்ட எண்ணெய் மாற்றும் வேலை. நேர்ச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பைப் புகுத்தும் ஒரு நொதியை அதன் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. படலங்கள் தேங்காயெண்ணெயிலிருந்து நல்லெண்ணெய்ப் பக்கம் நகர்கின்றன. தசையிலும் குளிருக்கு ஏற்ற வேறு வகைப் புரதங்கள் வந்து சேர்கின்றன.

இந்த மராமத்து முடியப் பல நாள், சில வேலைகளுக்கு வாரங்கள் ஆகும். 9 டிகிரியில் பழகிய மீனை ஒரே இரவில் 4-க்குத் தள்ளினால், உடம்பு இன்னும் பழைய எண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும். தின்ன மனம் வராது. அதே 4 டிகிரி இரண்டு வாரம் அசையாமல் நின்றால் சப்பும் ரோச்சும் மெல்ல வாய் திறக்கும். டிசம்பரின் முதல் உறைபனி தூண்டிலைச் சும்மா கிடக்கவைக்கும், ஜனவரியின் அதைவிடக் கடும் குளிரில் மீன் விழும் என்பது முதலில் முரணாகத் தெரியலாம். வெப்பமானியின் எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம்.

எல்லா மீனும் இந்த மராமத்தில் சமம் இல்லை. டென்ச் கிட்டத்தட்டக் கதவைச் சாத்திவிட்டுச் சேற்றோடு சேறாகக் கிடக்கும். (19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஊட்டி ஏரியில் கொண்டுவந்து விட்டது இதே டென்சைத்தான்.) பார்பல் அரைத்தூக்கம். சப் மட்டும் எப்படியோ, ஓரத்தில் பனிக்கட்டி மிதக்கும்போதும் ரொட்டித் துண்டுக்கும் சீஸ் உருண்டைக்கும் வரும். பைக்கின் உத்தி வேறு: ஒரு பெரிய வாய் கிடைத்தால் பல நாளைக்குக் கவலையில்லை. துரத்தித் தின்னச் சோம்பல்படும் பைக்குக்கு, கடையில் வாங்கிய செத்த மத்தியும் கானாங்கெளுத்தியும் முள்ளில் கோத்து அடியில் போடுகிறார்கள். கடலையே பார்க்காத மீன் கடல் மீனைத் தின்கிறது. எண்ணெய் வாசனைதான் இழுக்கிறது போலும்.

இப்போது ஆற்று மடுவுக்கு வருவோம். ஓடும் நீரை எதிர்த்து நிற்க மீன் செலவிடும் சக்தி, நீரின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு. குளிரில் தசையின் திறனும் குறைவு. நாள் முழுக்கச் சோராமல் ஓடுவது சிவப்புத் தசை. அவசரத்துக்குப் பாய்ந்துவிட்டுச் சீக்கிரம் களைத்துப்போவது வெள்ளைத் தசை. கெண்டையை வைத்துச் செய்த சோதனைகளில், 20 டிகிரியில் சிவப்புத் தசையே சமாளித்த வேகத்துக்கு 10 டிகிரியில் வெள்ளைத் தசையையும் கூப்பிட வேண்டியிருந்தது. கோடையில் மீன் குடியிருந்த வேக நீர் குளிரில் வாடகை கட்டுப்படியாகாத வீடாகிவிடுகிறது. அதனால் மீன்கள் பாலத் தூணின் பின்புறம், வளைவின் உள்பக்கம், சாய்ந்த மரத்தின் அடி, மடு என்று ஓட்டம் தளரும் இடங்களுக்குக் குடிபெயர்கின்றன.

ஆனால் ஒரேயடியாக நின்ற நீருக்குள் போய்விட்டால் இரை மிதந்து வராது. எனவே வேக நீரும் தளர்ந்த நீரும் உரசும் கோட்டில், தளர்ந்த பக்கம் அரை அடி உள்ளே தள்ளி நிற்கும். தண்ணீரின் மேல் அந்தக் கோடு துணியில் மடிப்பு விழுந்ததுபோல் தெரியும். பெரியவரின் தக்கை அரை நாள் அந்த மடிப்பின் மேலேயேதான் போய்க்கொண்டிருந்தது.

வெதுவெதுப்பு கிடைக்கும் ஆறுகளும் உண்டு. தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஏவன் மாதிரி சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் ஆறுகளுக்கு வருஷம் முழுக்க 10 டிகிரிக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் வந்து சேர்கிறது. உறைபனிக் காலையில் அவற்றின் மேல் ஆவி பறக்கும். டிரெண்டுக்கு இந்தச் சலுகையை மனிதர்கள் கொடுத்தார்கள். அதன் கரை நெடுக 1960-களில் வரிசையாக எழுந்த நிலக்கரி மின்நிலையங்கள் ஆற்று நீரை எடுத்து, குளிர்விக்கப் பயன்படுத்தி, சூடாகத் திருப்பி விட்டன. அந்த வாய்க்கால்களின் முகத்தில் குளிர்காலம் முழுக்க மீன் மொய்க்கும், மீனைத் தேடி ஆளும் மொய்ப்பார்கள். அந்த வரிசையில் கடைசியாக நின்ற ராட்கிளிஃப் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரி மின்சாரமே அன்றோடு முடிந்தது. காற்றுக்கு நல்ல செய்தி. டிரெண்ட் மீன்களுக்கு வெந்நீர்க் குழாய் மூடியது.

குளிர்காலத்தில் தூண்டில்காரரை அதிகம் ஏமாற்றுவது மீன் கூடி நிற்பதுதான். கோடையில் ஆறு முழுக்கப் பரவியிருந்த ரோச் எல்லாம் சில இடங்களில் குவிந்துவிடும். இரண்டு மைல் காலி, அடுத்த இருபது அடியில் ஆயிரக்கணக்கில். நார்ஃபோக் பகுதியில் படகுத் துறைகளுக்குள் புகுந்துகொள்வது பிரபலம். ஏன் என்பதற்குத் தென் சுவீடனிலும் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. அங்கே ஏரி ரோச்களில் ஒரு பகுதி இலையுதிர் காலத்தில் ஏரியை விட்டு ஓடைகளுக்குப் போய், வசந்தத்தில் திரும்புகிறது. ஓடையில் இரை குறைவு, வேட்டை மீன்களும் குறைவு. குளிரில் எப்படியும் பசி மந்தம்தான், ஆபத்தாவது குறையட்டும் என்ற கணக்கு. உடம்பில் சேமிப்பு நன்றாக உள்ள மீன்களே அதிகம் கிளம்புகின்றன. மெலிந்தவற்றுக்கு அந்தப் பட்டினி கட்டுப்படியாகாது. மீன்களுக்குள் அடையாளச் சில்லு பொருத்தி விட்டுவிட்டு, பின்னால் நீர்க்காகங்கள் அடையும் இடங்களின் அடியில் சில்லுகளைத் தேடியிருக்கிறார்கள். ஊர் மாறிப் போன மீன்களின் சில்லுகள் அங்கே குறைவாகவே கிடந்தன.

மூச்சு விஷயத்தில் குளிர் நல்லதே செய்கிறது: 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கினால், 4 டிகிரியில் 13. தேவை குறைந்து இருப்பு கூடுகிறது. சிக்கல் வருவது வடக்கே, மாதக்கணக்கில் மூடியிருக்கும் சிறு குட்டைகளில். பனி மூடிய பனிக்கட்டிக்குக் கீழே வெளிச்சம் இல்லை, பாசிக்கு வேலை இல்லை, அடியில் மக்கும் இலை ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அங்கே தங்கமீனின் பங்காளியான குரூசியன் கெண்டை சாராயம் காய்ச்சிப் பிழைக்கிறது!

ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரித்தால் லாக்டிக் அமிலம் சேரும். அது தேங்கினால் சாவு. குரூசியன் அந்த அமிலத்தை எத்தனாலாக மாற்றி, செவுள் வழியாகத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது. ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் சூட்சுமத்தை 2017-இல் விளக்கினார்கள்: சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இதன் மூதாதையின் மரபணுத் தொகுதி முழுதும் இரட்டித்தபோது, ஒரு நொதிக் கூட்டம் இரண்டு பிரதியானது. ஒன்று பழைய வேலையைத் தொடர, இன்னொன்று இந்தச் சாராய வேலைக்கு மாறிக்கொண்டது. மூச்சடைத்த குட்டையில் இதன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஏறும். இந்தியாவில் வண்டி ஓட்ட 30-தான் வரம்பு; மீனுக்கு நல்லவேளை உரிமம் இல்லை.

பிப்ரவரியில் தென்மேற்கிலிருந்து அட்லாண்டிக் காற்று மழையோடு வரும். டிரெண்ட் கலங்கி ஏறி, நாலைந்து நாளில் 8, 9 டிகிரி தொடும். அரைத்தூக்கத்தில் இருந்த பார்பல் எழுந்துவிடும். கலங்கல் நீரிலும் வாசனை எட்டுவதற்காக டின்னில் அடைத்த பன்றிக்கறியைச் சதுரமாக வெட்டிக் கோப்பார்கள். பனி உருகி வரும் வெள்ளம் வேறு கதை. அதே கலங்கல்தான், ஆனால் வெப்பமானி கீழே போகும். சாலையில் தூவிய உப்பும் சேர்ந்து வரும். பெரியவர் அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவே மாட்டார்.

ஆறு நன்றாகச் சூடேறத் தொடங்கும்போது சட்டம் வந்து தடுத்துவிடும். முட்டையிடும் காலத்துக்காக 1878-இல் கொண்டுவந்த தடை, இன்றும் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை. போன வருஷம் மார்ச் 14 இருட்டும்வரை கரையில் இருந்துவிட்டு வந்த பெரியவர், மிச்சமிருந்த ஒரு டப்பா ஈப்புழுவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க மறந்து, வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் புழுவாகவே கிடப்பவை அவை. ஏப்ரலில் அலமாரியைத் திறந்த வீட்டம்மா போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.